தெரியாமல் போன உழைப்பு

வேலையைச் செம்மையாகச் செய்தால் போதும், பதவி உயர்வு தானாகத் தேடி வரும் என்று ஏழு ஆண்டுகள் நம்பியிருந்தேன். பட்டியலில் என் பெயர் விடுபட்டபோது, முடிவெடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட நான் எதையெல்லாம் சரிசெய்தேன் என்பது தெரிந்திருக்கவில்லை என அறிந்து மிகவும் வருந்தினேன்.

அதன்பின், பழுது ஒன்றைத் தீர்க்கும்போதெல்லாம் ஒரு பக்கக் குறிப்பு எழுதலானேன். மாத இறுதி அறிக்கை திறக்க 40 விநாடி ஆனதற்குத் தரவுத்தளத்தில் ஓர் இன்டெக்ஸ் (தரவை விரைந்து தேட உதவும் அட்டவணை) இல்லாததே காரணம் என்பதையும், அதைச் சேர்த்ததும் 2 விநாடியில் அறிக்கை வந்ததையும், உடன் உழைத்த இருவரின் பெயர்களோடு எழுதினேன். (பிறர் பங்கை மறைக்கும் குறிப்பு செல்வாக்கைத் தராது, கசப்பையே தரும்.) அதைப் படித்துவிட்டு, அதுவரை ஒருமுறைகூடப் பேசியிராத வேறொரு பிரிவின் மேலாளர் என்னை அழைத்தார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் வழியாக வேலை பெற்றோருள் 16.7 விழுக்காட்டினரே அவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவர்கள். நெருங்கிய நண்பர் அறிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; தூரத்து அறிமுகமே புதியதைக் கொண்டு வருகிறது. ஆகவே, பழைய அலுவலகத் தோழர்களுக்கு மாதம் ஒருவராக இப்போது எழுதி வருகிறேன். உதவி கேட்டு அல்ல, அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி விசாரித்து.