பெரியவரைப் பிடித்துக்கொண்டு ஹான் வம்சத்தைக் கடந்த கதை

எம்.ஏ. வரலாற்றில் சீனப் பகுதி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெயர்கள் வாயில் நுழையவில்லை, கி.மு. ஆண்டுகளோ இறங்குமுகம். ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கின் போர்களை இரவில் உருப்போட்டு, விடிவதற்குள் மறந்துகொண்டிருந்தேன். கடைசியில் கைகொடுத்தவர் அவருடைய அப்பா.

பழஞ்சீன வரலாற்றாசிரியர் சிமா சியெனின் நூலில் அவருக்குப் பெயர்கூட இல்லை. வெறும் 'தைகோங்', பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 205-இல் பெங்செங்கில் மகன் தோற்க, பெரியவர் எதிராளியான சியாங் யூவிடம் சிக்கினார். 203-இல் அவரை இறைச்சிப் பலகைமேல் கிடத்தி, "சரணடையாவிட்டால் வேகவைத்துவிடுவேன்" என்று மிரட்டினான் சியாங் யூ. "நாம் சகோதரர்களாகச் சத்தியம் செய்தவர்கள். என் அப்பா உனக்கும் அப்பா. வேகவைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் சாறு அனுப்பு" என்றார் லியூ பாங். இதைப் படித்த பிறகு 203 மறக்குமா? அதே ஆண்டு உடன்படிக்கையில் பெரியவர் விடுதலையானார். 202-இல் மகன் பேரரசர்.

அடுத்தது துடைப்பம். பேரரசரான பின்னும் ஐந்து நாளுக்கு ஒருமுறை மகன் வந்து அப்பாவை வணங்கினார். "மகனானாலும் அவர் அரசர், நீங்கள் குடிமகன்" என்று காரியஸ்தர் எடுத்துச் சொல்ல, அடுத்தமுறை பெரியவர் வேலைக்காரரைப் போலத் துடைப்பத்தோடு வாசலில் நின்று பின்னோக்கி நடந்தார். பதறிப்போன மகன் 201-இல் அவருக்கு 'தைஷாங் ஹுவாங்', அதாவது பேரரசருக்கும் மேலான பேரரசர் என்ற பட்டம் அளித்தார். பிள்ளைக் கடனா, அரச மரியாதையா என்ற கேள்விக்கு இந்தக் காட்சி ஒன்றே போதும். பத்தி பத்தியாகத் தத்துவம் எழுத வேண்டாம்.

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். 'இப்பட்டம் பெற்ற முதல்வர்' என்று எழுதிவைத்தேன். கி.மு. 221-லேயே, ஹானுக்கு முந்தைய சின் வம்சத்தின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் இறந்துபோன தன் தந்தைக்கு இதை அளித்திருந்தார். 'உயிரோடு பெற்ற முதல்வர்' என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு சொல்லை விட்டதற்கு மதிப்பெண் போயிற்று.

ஆகவே ஒரு தாளில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பொருளை மட்டும் குறியுங்கள்: பலகை, துடைப்பம். 198-க்குப் பச்சைக்கல் கிண்ணம். வெய்யாங் அரண்மனை விருந்தில் அதை ஏந்தி அப்பாவிடம் மகன் கேட்டார்: "உருப்படாதவன், அண்ணனுக்கு ஈடாக மாட்டான் என்பீர்களே, இப்போது யார் சொத்து அதிகம்?" சபையே சிரித்தது. மறு ஆண்டு, 197-இல், பெரியவர் காலமானார். அந்த வரிக்கு எதிரே நான் எதுவும் எழுதவில்லை. எப்படியோ அதுவும் நினைவில் நின்றுவிட்டது.