மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வியாழன்: மலிவு கேமராவில் இதுவரை

வியாழனின் இரண்டு மேகப் பட்டைகளும் இப்போது படத்தில் தெளிவாக விழுகின்றன. கருவி எளியது: 130 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி), குவியத்தூரம் 650 மி.மீ. கேமராவும் கண்வில்லைக் குழாயில் செருகும் சாதாரண 2 மெகாபிக்சல் யூஎஸ்பி வகைதான், பிக்சல் 3 மைக்ரான்.

பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கினால் வரும் எண்ணை ஒட்டி எஃப் விகிதம் (குவியத்தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) இருக்க வேண்டும் என்பது கோள் படமெடுப்பவர்களின் கணக்கு. எனக்கு எஃப்/15, 3 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தை நீட்டும் வில்லை) போட்டதும் சரியாக அமைந்தது. பார்லோ இல்லாமல் வியாழனின் குறுக்களவு ஏறக்குறைய 50 பிக்சல், போட்டால் 150.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் பெரிய லாபம், கோள்கள் தலைக்கு மேல் வருவது. 2026 ஜனவரி 10 எதிரமைவில் (பூமியிலிருந்து பார்க்கக் கோள் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாள்) வியாழன் இங்கே 70 பாகைக்கு மேல் ஏறியது. அந்த உயரத்தில் குறுக்கிடும் காற்று குறைவு. செம்பனை ஆலை விளக்குகள் கோள்களுக்கு இடைஞ்சலே இல்லை. பகலில் காய்ந்த சிமெண்டுத் தரைதான் இடைஞ்சல், படம் கொதிப்பதுபோல் அலைகிறது. புல் திடலுக்கு மாறியதும் வித்தியாசம் உடனே தெரிந்தது.

படம் பிடிக்கும் ஷார்ப்கேப் மென்பொருளில் 640×480 பிக்சல் சாளரம் (பதிவாகும் பகுதி), சுருக்கப்படாத காணொளி. சாளரம் சிறிதானால் நொடிக்குக் கிடைக்கும் சட்டங்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்) கூடும். ஆனால் வானத்தின் ஓட்டத்தோடு தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் இல்லாவிட்டால் வியாழன் ஏறக்குறைய 15 நொடியில் அதைக் கடந்து ஓடிவிடும். ஆகவே கையில் காசிருந்தால் முதலில் மோட்டார் வாங்குங்கள், கேமராவை அப்புறம் மாற்றலாம். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தில் 5 பாகையில், செம்பனை ஓலைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. மோட்டார் சுழற்றும் அச்சு அதை நோக்க வேண்டும்; திசைகாட்டியை வைத்து அச்சை வடக்கே திருப்பி, 5 பாகை சாய்த்தால் கோள்களுக்குப் போதும். எடை கட்டும் தண்டு முக்காலியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காணொளி இரண்டு நிமிடம். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் நீட்டினால் விவரம் இழுபடும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் சட்டங்களைத் தரம் பிரிக்கும். தரத்தில் மேலே உள்ள 15 விழுக்காட்டை மட்டும் ஒரே படமாக அடுக்குகிறேன். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் வேவ்லெட் (விவரங்களைக் கூர்மையாக்கும் முறை), அதுவும் மெல்ல. கூட்டினால் கோளின் ஓரத்தில் போலி வளையம் எழும்பும்.

அடுத்து சனி. 2025 மார்ச்சில் விளிம்பாக மெலிந்த வளையம் மறுபடி விரிகிறது. அக்டோபர் எதிரமைவுக்குள் குவியத்தை இன்னும் நுணுக்கமாகப் பிடித்துப் பழக வேண்டும்.