படிக்கட்டைப் பார்க்கப் போன சனிக்கிழமை

ஜூன் 14, வெள்ளி

நாளைக்கு அப்பாவோடு பெக்ஸ்ஹில் போகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் வந்து மூன்று கிழமை ஆகிறது. லண்டனில் எல்லாரும் காட்டும் இடங்களைக் காட்டியாயிற்று. இது நான் ஆசைப்பட்டுக் கூட்டிப்போகும் இடம். இங்கிலாந்தின் தெற்குக் கரை ஊரான பெக்ஸ்ஹில்லில், கடலோரத்தில் 1935-இல் திறந்த டி லா வார் பெவிலியன் என்ற மண்டபம். எழுதுவதுதான் டி லா வார், சொல்வது டெலவேர். படத்தைக் காட்டினேன். முப்பத்தைந்து வருஷம் மேசன் வேலை செய்தவர் ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

ஜூன் 15, சனி, ரயிலில்

ஈஸ்ட்போர்னில் தண்டவாளம் முடிந்துவிடும். அங்கே நின்று, ரயில் பின்பக்கமாகப் புறப்படும். "பிள்ளை, இது திரும்பிப் போகுது!" என்று அப்பா எழும்பியேவிட்டார். உட்காரவைத்துக் கதை சொன்னேன். டி லா வார் பிரபு பெக்ஸ்ஹில்லின் மேயராக இருந்தவர், பிரபுவாக இருந்தும் தொழிற்கட்சிக்காரர். சாதாரண சனம் வந்து இருக்க, வாசிக்க, நாடகம் பார்க்கக் கடற்கரையில் ஒரு மண்டபம் வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். 230-க்கு மேல் வரைபடங்கள் வந்தன. வென்றவர்கள் எரிக் மெண்டல்சோனும் செர்ஜ் செர்மயேவும். மெண்டல்சோன் யூதர். ஒரு கண்தான். ஜெர்மனியில் பெரிய பெயர் எடுத்தவர், 1933-இல் ஹிட்லர் வந்ததும் வெளியேறினார்.

"எல்லாத்தையும் விட்டிட்டோ வந்தவர்?"

"ஓம் அப்பா."

அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே தட்டையான புல்வெளியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதே நாள், இரவு

கால் நோகிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

கூழாங்கல் கரையிலிருந்து பார்த்தால் கட்டடம் நீளமாக, தாழ்வாக, வெளிர் நிறத்தில் கிடக்கிறது. மாடி பால்கனிகள் கடலை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கின்றன, கீழே தடித்த தூண் எதுவும் இல்லை. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "எதிலை தாங்குது?" உள்ளே உருக்குச் சட்டகம். அந்தக் காலத்தில் ரிவெட் ஆணி அடித்துத்தான் இணைப்பார்கள். இதை இன்ஜினியர் ஃபீலிக்ஸ் சாமுவேலி முழுக்க வெல்டிங் செய்யவைத்தார். பிரிட்டனில் இந்த அளவில் அதுதான் முதல். அதனால்தான் தூண்கள் மெலிந்தன, சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடியானது.

உள்ளே போகக் காசில்லை. தெற்குப் படிக்கட்டு ஒரு கண்ணாடி உருளைக்குள் சுழன்று ஏறுகிறது. நடுவில் தூண் கிடையாது. மேலிருந்து ஒரு நீண்ட விளக்கு தொங்குகிறது, வெள்ளித் தட்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டது போல. ஒவ்வொரு வளைவிலும் கடல் வந்து வந்து போகிறது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். அப்பா கீழேயே நின்று, படிகளின் அடிப்பக்கத்தைக் கை எட்டும் வரை உள்ளங்கையால் தடவினார். மெதுவாக, மாட்டின் முதுகைத் தடவுவது போல. "நேர்ச்சுவரெண்டால் மட்டப்பலகை போட்டு இழுக்கலாம். இதுக்கு என்னத்தை வைச்சு இழுத்திருப்பான்?" பத்து நிமிஷம் அங்கிருந்து நகரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் வயசானவர்கள் வெயில் காய்ந்துகொண்டு இருந்தார்கள். பிரபு கேட்டது இதைத்தான். கட்டடம் இடையில் சீரழிந்து, 1986-இல் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்து, 2005-இல் திருத்தித் திறக்கப்பட்டது. "உப்புக்காத்து இரும்பை விடாது" என்றார். பருத்தித்துறையில் வீடுகள் கட்டியவருக்கு அது தெரியும்.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் எழும்பி வந்தால், அப்பா என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படிக்கட்டை வரைந்து வைத்திருக்கிறார். பக்கத்தில் ஃபோனில் சித்தப்பா. "நடுவிலை தூண் இல்லையடா, சத்தியமா இல்லை..." பேசி முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"படியின்ர அகலம் எவ்வளவு?"

எனக்குத் தெரியாது, அளக்கவில்லை.

"அப்ப நான் போக முதல் இன்னொருக்காப் போவம். டேப் கொண்டு வா."