ஈப்போ கடையில் மதர்போர்டுக்காக மல்லுக்கட்டிய கதை

சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பனுக்குப் புதுக் கணினி ஒன்றை அசெம்பிள் செய்து கொடுத்து முடித்துவிட்டேன். பிராசஸர், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேசிங் எல்லாம் இயங்கலையில் சொன்ன நாளில் வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆளை அலைக்கழித்தது, இந்தப் பாகங்களெல்லாம் வந்து இணையும் பலகையான மதர்போர்டு மட்டும்தான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்ப் பொருள் வாங்குகிறவர்கள் இந்தப் பாடு படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நண்பனுக்குக் கல்யாணப் படப்பிடிப்புத் தொழில். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடிகளையும் எடுப்பான். கடைவீட்டின் மேல்மாடி அறைதான் எடிட்டிங் செய்யும் இடம். அக்டோபர் வந்தால் எங்கள் பக்கம் சாயங்காலம் தவறாமல் இடிமழை. அப்படி ஒரு மழையில் அவனுடைய பழைய கணினி படுத்துவிட்டது. முதலில் இணையம் போனது, அடுத்து யுஎஸ்பி ஒவ்வொன்றாகச் செத்தது, கடைசியில் பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றவில்லை. திறந்து பார்த்தபோது இணையக் கேபிள் மாட்டும் லேன் போர்ட்டை ஒட்டிய சிப்பின் மேல் கருகிய புள்ளி ஒன்று இருந்தது.

“ஃபைபர் லைன்தானே மச்சான், இடி எப்படி உள்ளே வந்துச்சு?” என்று கேட்டான். ஃபைபர் என்பது ரூட்டர் வரைக்கும்தான். ரூட்டர் இருப்பது கீழ்மாடியில். அங்கிருந்து மேலே வந்தது செம்புக் கம்பி உள்ள லேன் கேபிள், அதுவும் சுவருக்கு வெளியே, மழையில் நனைந்துகொண்டு. இடி நேராக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தம் எகிறும். ஆகவே புது போர்டில் வைஃபை இருக்க வேண்டும், லேன் கேபிளே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம். வேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

பிராசஸர் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. அவன் கேமராவில் 4:2:2, 10 பிட் எச்இவிசி எனும், நிறத்தை நுணுக்கமாகப் பதிந்து சுருக்கி வைக்கும் காணொளிக் கோப்புகளாக எடுக்கிறான். அவற்றை டைம்லைனில் தடையில்லாமல் ஓட்ட இன்டெல் பிராசஸரின் கிராஃபிக்ஸ் பகுதியில் காணொளிக்கென்றே இருக்கும் குவிக் சிங்க் வசதி வேண்டும். 11ஆம் தலைமுறை முதல் அது இந்த வகைக் கோப்பைக் கையாள்கிறது. அதனால் 12ஆம் தலைமுறை ஐ5-12400. கவனியுங்கள், பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. ஐம்பது அறுபது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் என்று எடிட்டிங் ஆட்கள் எஃப் வாங்கிவிடாதீர்கள். ராம் அவனிடம் முன்பே இருந்தது. தள்ளுபடி விற்பனையில் வாங்கி வைத்த 32 ஜிபி டிடிஆர்4. ஆக, போர்டு டிடிஆர்4 ராம் ஏற்பதாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் வம்பில் மாட்டியது.

இதற்கு நடுவில் அவனுடைய அக்காள் மகன் இயங்கலையிலிருந்து ஓர் இணைப்பை அனுப்பினான். எக்ஸ்99 போர்டு, சர்வர்களுக்கான பழைய இன்டெல் பிராசஸரான 14 கோர் ஸியான், ராம், எல்லாம் சேர்த்து ஒரு நல்ல போர்டின் விலைக்கே. நண்பனுக்குச் சபலம் தட்டிவிட்டது. நான் ஒரேயடியாக மறுத்தேன். பெயர் தெரியாத இந்த எக்ஸ்99 போர்டுகள் பலவற்றில் இருப்பது எக்ஸ்99 சிப்செட்டே (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்) இல்லை. பழைய எச்81, பி85, கியூ87 போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்பை மறுபடி ஒட்டி விற்கிறார்கள். கணினியைத் தொடக்கி வைக்கும் போர்டின் மென்பொருளான பயாஸுக்குப் புதுப்பிப்பு என்ற பேச்சே கிடையாது. கெட்டுப் போனால் கடல் தாண்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஸியானில் குவிக் சிங்க்கும் இல்லை. கல்யாண வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டு, “போர்டு சீனாவுக்குப் போயிருக்கு, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா?

எங்கள் பட்டணத்துக் கடையில் எச்610 சிப்செட் உள்ள மலிவு ரகப் போர்டுதான் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்க அது தாராளம். இவன் வேலைக்குப் பற்றாது. எச்610இல் ராம் இடம் இரண்டுதான், நாளைக்கு 64 ஜிபி ஆக்க நினைத்தால் இருப்பதைக் கழற்றி எறிய வேண்டும். மலிவான மாடல்களில், பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மேல் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கூட இருக்காது. ஐ5-12400க்கு 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், முழு வேகத்தில் 117 வாட் வரைக்கும் இழுக்கும். மூன்று மணி நேரக் கல்யாணக் காணொளியை ஏர்கோன் இல்லாத அறையில் ரெண்டர் போட்டால் அந்த மொட்டை விஆர்எம் என்ன கதியாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அதைவிட மேல்ரகமான பி760 சிப்செட், ராம் இடம் நான்கு, எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 இடம் இரண்டு, விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க், வைஃபை, பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பட்டன் என்று எழுதிக் கொடுத்தேன். எந்த பிராண்டு என்று பலரும் கேட்கிறார்கள். ஏசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஏஎஸ்ராக் நான்கிலும் உறுதியான மாடலும் உண்டு, ஒப்புக்குச் செய்த மாடலும் உண்டு. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், மாடலைப் பாருங்கள்.

எனக்கு வேலை இருந்ததால் நண்பன் மட்டும் மோட்டாரில் ஈப்போவுக்குப் போனான். பேர் பெற்ற கடைதான். மாடல் பெயரை முழுதாகக் கைப்பேசியில் காட்டியிருக்கிறான். கடைக்காரப் பையன் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, ரசீதும் அடித்துக் கொடுத்துவிட்டான். ராத்திரி நான் போய்ப் பெட்டியைத் திறந்து ராமை வைத்தால் உட்காரவில்லை. ராமின் அடிப்பக்க வெட்டும் போர்டின் இடமும் ஒத்துப்போகவில்லை. பெட்டியின் பக்கத்து லேபிளைப் பார்த்தேன்: அதே மாடல், ஆனால் அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5க்கான வகை. இந்த பி760 போர்டுகளில் டிடிஆர்4 வகையைப் பெயரின் கடைசியில் வரும் ‘டி4’ அல்லது ‘டிடிஆர்4’ என்ற ஒட்டை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ரசீதில் ‘டிடிஆர்4’ என்றே அடித்திருந்தார்கள், பெட்டி மட்டும் வேறு. அந்த ரசீது இல்லையென்றால் நாங்கள் சொன்னதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மறுபடி போனபோது நானும் கூடப் போனேன். நல்ல வேளை போனேன். அதே பையன், முகம் சுளித்துக்கொண்டே வேறொரு பெட்டியை எடுத்து நீட்டினான். பெட்டி மூடியின் ஒட்டு ஸ்டிக்கர் கத்தியால் கிழிக்கப்பட்டு, மேலே செல்லோடேப் போட்டிருந்தது. “இங்கேயே திறந்து பார்க்கிறோம்” என்று மலாயில் சொன்னேன். “திறந்தா வாங்கித்தான் ஆகணும்” என்றான். ரசீது ஏற்கெனவே எங்கள் கையில் இருக்கிறது, வாங்கியாயிற்று, எங்கள் பொருளைத்தான் பார்க்கிறோம் என்றேன். நண்பனிடம் கைப்பேசியைக் கொடுத்து, பெட்டியைத் தொடுவதற்கு முன்பிருந்தே காணொளி எடுக்கச் சொன்னேன். தொழில்காரன் அல்லவா, சீரியல் எண், ஸ்டிக்கர், என் கை, பையனின் கை எல்லாம் தெளிவாக விழும்படி எடுத்தான்.

இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. 1700 பின்கள், முடியைவிடச் சற்றே தடிமன். மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். இந்தப் போர்டில் மூடியின் ஒரு மூலை சரியாக மாட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. மூடியை எடுத்துவிட்டு டார்ச் அடித்து, போர்டை மெதுவாகச் சாய்த்தேன். நேராக மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சம் பின்களின் நுனியில் பட்டு வரிசை வரிசையாக நகரும். கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் அந்த வரிசை அறுந்தது. கோலத்தில் ஒரு புள்ளி மட்டும் தள்ளி விழுந்தால் கண் எப்படி அங்கேயே போய் நிற்குமோ, அப்படி. ஒரு பின் பக்கத்துப் பின்னின் மேல் சாய்ந்து கிடந்தது. யாரோ ஏற்கெனவே வாங்கி, பிராசஸரைத் தப்பாகப் போட்டு, திருப்பிக் கொடுத்த போர்டு. அதைத்தான் புதிது என்று எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

பையன் உடனே, “நீங்க தொட்டதில் வளைஞ்சது” என்றான். காணொளியைப் போட்டுக் காட்டினேன். அதில் என் விரல் மூடியைத் தவிர வேறெங்கும் படவில்லை. அப்போது மேலாளர் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பைக் கையால் தட்டிக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளுக்கு அந்த அறிவிப்பு செல்லாது. பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைக் கடைக்காரர் ஒரு தாளை ஒட்டி நீக்கிவிட முடியாது. இதைச் சொல்லி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், இன்றைக்கே இயங்கலையில் பதிகிறேன் என்றேன். மேலாளர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். திரும்பி வரும்போது ஸ்டிக்கர் கிழியாத பெட்டி ஒன்று கையில் இருந்தது. அதையும் அங்கேயே திறந்து, சாய்த்துப் பார்த்து, பின்கள் வரிசை கலையாமல் இருந்த பிறகுதான் கடையை விட்டு இறங்கினோம். வெளியே வந்ததும் நண்பன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, “நான் தனியா வந்திருந்தா அந்த வளைஞ்ச பின்னோட வீட்டுக்குப் போயிருப்பேன் மச்சான்” என்றான். அவனுக்கு அது அறுநூறு வெள்ளி. ஒரு நாள் கல்யாண வேலையின் கூலி.

அந்தப் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது சாக்கெட்டில் மூடி இருந்தால்தான் ஏற்போம் என்று சில தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள்.

பாகங்களை மாட்டியது, விண்டோஸ் போட்டது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. பயாஸைப் புதுப்பிப்பதை மட்டும் மறுநாள் காலைக்குத் தள்ளி வைத்தேன். எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் எப்போது மின்சாரம் வெட்டும் என்று சொல்ல முடியாது, பயாஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் சாதாரணப் போர்டு போனது போனதுதான். பட்டன் உள்ள போர்டாக வாங்கியது இந்தப் பயத்துக்காகவும்தான். இடையில் நின்றுபோனாலும் யுஎஸ்பியிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இப்போதுள்ள 12400க்குப் புது பயாஸ் கட்டாயமில்லை. ஆனால் பின்னாளில் 13, 14ஆம் தலைமுறை ஐ7 போட நினைத்தால் வேண்டும். அந்த உயர்ரகப் பிராசஸர்கள் நிலைகுலைந்த சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. இந்த வகைப் போர்டு ஒன்று நம்பகமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழியும் இதுதான். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பயாஸ் பட்டியலைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லையென்றால் அந்த மாடலைக் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில் நண்பன் கேசிங்கைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். விறுவிறுவென்று சுரீர் உணர்வு. புது போர்டையும் புது பவர் சப்ளையையும் சந்தேகப்பட ஆரம்பித்தான். எனக்குச் சந்தேகம் சுவரின் மேல். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டோம். மீட்டரை வைத்தார். லைவுக்கும் நியூட்ரலுக்கும் சரியாகக் காட்டியது. லைவுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, ஏறக்குறைய 230 வோல்ட், காட்ட வேண்டும். முள் நிலையில்லாமல் ஆடியது. பிளக் பாய்ண்டைக் கழற்றினால் பச்சை மஞ்சள் எர்த் கம்பி எதிலும் மாட்டப்படாமல் சும்மா சுருண்டு கிடந்தது. “இதை யார் போட்டாங்களோ, எர்த்தே குடுக்கல தம்பி. மூணு பின் பிளக் மாட்டி என்ன பிரயோஜனம்?” என்றார். எர்த் இல்லாத இடத்தில் பவர் சப்ளையின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கேசிங்கில் பாதி மின்னழுத்தம் வந்து நிற்கும், அதுதான் அந்தச் சுரீர். திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷனும் எர்த் இல்லாவிட்டால் பாதி வேலைதான் செய்யும். பழைய போர்டு அத்தனை சுலபமாகச் செத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று அந்த அண்ணனும் சொன்னார். கம்பியை மாட்டி, கீழ்மாடி மின்பெட்டி வரைக்கும் அது அறுபடாமல் போகிறதா என்று பார்த்து, ஒரு சின்னத் தொகைதான் வாங்கினார். இப்போது கேசிங்கில் கை வைத்தால் ஒன்றுமில்லை.

கடைசியாக ரசீது விஷயம். கடைகள் தரும் ரசீது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் எழுத்து வெளுத்துவிடும், வாரண்டியோ மூன்று வருடம். வாங்கிய அன்றே நகல் எடுத்து, அதோடு போர்டின் சீரியல் எண், உள்ளூர் விநியோகஸ்தரின் ஸ்டிக்கர் இரண்டையும் படம் பிடித்து வையுங்கள். அந்த ஸ்டிக்கர் இல்லாத போர்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நண்பனின் போர்டுக்கு நகலை கேசிங்கின் உட்புறமே ஒட்டிவிட்டேன், அசல் அவன் கடை ஃபைலில் இருக்கிறது.