"செங்கமாரி வந்து மாறிட்டுது" என்றால் போதாது

தோலில் செதில் எழும்பும் சொரியாசிஸ் நோய்க்கு மெதோட்றெக்சேற் என்ற மருந்தை எழுதமுதல் தோல் கிளினிக்கில் "முந்திச் செங்கமாரி வந்ததோ?" என்று கேட்பார்கள். "ஓம், 2009இல முகாமில வந்தது, மாறிட்டுது" என்று வன்னிச் சனம் சொல்லும். அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்கேலாது. செங்கமாரி வரச்செய்யும் ஈரல் வைரஸ்களில் (ஹெபற்றைற்றிஸ்) முகாம்களில் அப்போது பரவியது ஏ வகை. தண்ணி, சாப்பாட்டால் தொற்றும். மாறினால் உடம்பில் தங்காது. இங்கே சிக்கல் பி, சி இரண்டாலும்தான். கண் மஞ்சளாகாமலே வந்து ஈரலில் குந்தியிருக்கும்.

மெதோட்றெக்சேற் தானே ஈரலுக்குப் பாரமான மருந்து. சொரியாசிசுக்குக் கொடுக்கிற மற்ற மருந்துகளான சைக்ளோஸ்போரினோ அடலிமுமாப் போன்ற ஊசியோ செதிலைக் குறைப்பது நோயெதிர்ப்பை அடக்கித்தான். அந்த இடைவெளியில் பி வைரஸ் எழும்பிவிடும்.

பி வகைக்கு இரண்டு சோதனை வேண்டும். எச்பிஎஸ் அன்ரிஜன் இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும். அன்ரி எச்பி கோர் எப்போதாவது தொற்றியதா என்று காட்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு "நெகற்றிவ்" என்று கொப்பியில் எழுதிவிடுவதுதான் வழமையான பிழை. முதலாவது இல்லை, இரண்டாவது இருக்கிறது என்றால் வைரஸ் ஈரலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். இரத்தத்தில் வைரசின் டிஎன்ஏ அளவு பார்த்து, பிறகும் இடைக்கிடை பார்க்கவேண்டும். சி வகை அன்ரிபொடியையும் ஈரல் என்சைமையும் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் இருந்து விடிய பஸ் ஏறுகிறவரை மூன்று தரம் அலைக்கழிப்பது அநியாயம்.

எச்பிஎஸ் பொசிற்றிவ் என்றால் சொரியாசிஸ் ஊசி தொடங்கமுதல் வைரஸை அடக்கும் என்ரெகாவிர் அல்லது ரெனோபோவிர் குளிசை தொடங்கவேண்டும். தோல் வெளித்துவிட்டது என்று அதைத் தாங்களாக நிறுத்துகிறவர்களுக்குத்தான் ஈரல் திடீரென்று வீங்குகிறது. ஊசி நின்ற பிறகும் 6 தொடக்கம் 12 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் குளிசை போடவேண்டிவரும். சி வகை பெரும்பாலும் 12 கிழமைக் குளிசையில் முற்றாக மாறும்.

பி வகைக்கான இரண்டு சோதனையும் நெகற்றிவ் என்றால் பி தடுப்பூசி போடவேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கு பி ஊசி வந்தது 2003இல். அதற்கு முதல் பிறந்த அநேகருக்குப் போட்டிருக்காது. 0, 1, 6ஆம் மாதங்களில் தோளில் மூன்று. உயிருள்ள வைரஸ் இல்லாததால் மெதோட்றெக்சேற் போடுகிறவருக்கும் போடலாம். ஆனால் முதலே போட்டால் நன்றாகப் பிடிக்கும். கடைசி ஊசிக்கு 1, 2 மாதம் கழித்து ஊசி பிடித்ததைக் காட்டும் அன்ரி எச்பிஎஸ் என்ற அன்ரிபொடி 10க்கு (mIU/mL) மேல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கீழ்க்காய்நெல்லி குடித்தாலும், கள்ளுக் குடித்தாலும் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். என்சைம் ஏறியது எதனால் என்று பிரிக்க அது வேணும்.