வெள்ளி ஊக்குகளைத் தேடி: டப்ளின் முதல் மொனாஸ்டர்பாய்ஸ் வரை

டப்ளினுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ட்ரினிட்டி கல்லூரியில் கெல்ஸ் நூல் என்ற பழங்காலச் சித்திரக் கையெழுத்துப் பிரதியைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். அங்கிருந்து சற்று தூரம் நடந்தால் கில்டேர் தெரு. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவு அங்கேதான் இருக்கிறது. 1890இல் திறந்த கட்டடம். நுழைந்ததும் உயரமான வட்டக் கூடம், பளிங்குத் தூண்கள், தரையில் மொசைக்கில் பதித்த ராசிச் சக்கரம். அனுமதி இலவசம். என்னை அயர்லாந்துக்கு வரவழைத்தது டப்ளினில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்காதான். ஆனால் விமானத்தில் ஏறும்போது மனசில் இருந்தது இந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஊக்குகள்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அயர்லாந்துக்காரரின் உடை மிக எளிமையானது. உள்ளே லினனில் நீண்ட அங்கி, அதற்கு மேல் கம்பளியில் நெய்த நீள்சதுரப் போர்வை. அந்தப் போர்வைக்குப் பொத்தான் இல்லை, தையலும் அதிகமில்லை. அது தோளில் நிற்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குத்தான் ப்ரூச். இன்று ப்ரூச் என்றால் கோட்டில் அழகுக்குக் குத்துவது என்று நினைக்கிறோம். அன்று அது இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரைக் காற்றில் சால்வையை இழுத்துப் பிடித்தபடி ஒருமுறை நடந்து பார்த்தால் போதும், இது ஏன் என்று புரிந்துவிடும்.

உள்ளே போவதற்கு முன்பே ஒரு காரியம் செய்தோம். ஒரு நினைவுப்பொருள் கடையில் பித்தளையில் செய்த சின்ன மாதிரி ப்ரூச் ஒன்றை வாங்கி, காபி கடை மேஜையில் வைத்து அக்காவின் கம்பளிச் சால்வையில் குத்திப் பார்த்தோம். ஒரு வளையம், அதில் ஓரிடத்தில் இடைவெளி. வளையத்தில் கோத்த ஊசி எந்தப் பக்கமும் நகரும். துணியை மடித்து ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் ஊசி முனையை அந்த இடைவெளி வழியாகக் கொண்டுவந்து, வளையத்தைக் கால் சுற்று திருப்ப வேண்டும். அவ்வளவுதான். துணி இழுக்க இழுக்க ஊசி வளையத்தோடு இறுகுகிறது. ஸ்பிரிங் இல்லை, கொக்கி இல்லை. அக்கா சால்வையைப் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏய், கழலவே மாட்டேங்குதே!" என்றாள். துணியின் கனமே பூட்டாக மாறும் இந்த ஏற்பாட்டைக் கையில் செய்து பார்த்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. போகிறவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள்.

அருங்காட்சியகத்தில் 'ட்ரெஷரி' என்று ஓர் அறை இருக்கிறது. எல்லோரும் தேடி வரும் டாரா ப்ரூச் இங்கேதான். படங்களில் பெரிதாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் அளவு முதலில் நம்ப முடியாததாக இருக்கும். வளையத்தின் குறுக்களவு ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏழாம் நூற்றாண்டின் கடைசியிலோ எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செய்தது. வெள்ளியில் வார்த்துப் பொன்முலாம் பூசி, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பொற்கம்பி வேலை, கண்ணாடி, எனாமல், அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) என்று பதித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்குள் தன் உடலையே சுற்றி முறுக்கிக்கொண்ட ஒரு விலங்கு. அதன் உடம்பு முழுக்க ரவையைவிடச் சிறிய மணிகளாகத் தெரியும் கம்பி. கம்பியை மணி மணியாக உருட்டி, தங்கத் தகட்டின் மேல் பற்றவைத்திருக்கிறார்கள். சில கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. எனக்கு அந்தக் காலி இடங்களையும் பிடித்திருந்தது. மற்ற கட்டங்களுக்குக் கீழே எப்படி இருக்கும், எப்படிப் பொருத்தினார்கள் என்பதை அவைதான் காட்டுகின்றன.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது பின்பக்கத்துக்காக. டாரா ப்ரூச்சின் பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. பின்னியும் சுருண்டும் ஓடும் வடிவங்கள், பறவைகள், விலங்குகள் என்று முழுக்க நிரப்பியிருக்கிறார்கள். அணிந்துகொண்டால் அந்தப் பக்கம் துணிக்குள் புதைந்துவிடும். யாரும் பார்க்க முடியாது. போடும்போதும் கழற்றும்போதும் அதை வைத்திருந்தவர் மட்டும் பார்த்திருப்பார். ஊருக்குக் காட்ட முன்பக்கம், உடையவருக்கென்று பின்பக்கம். இவ்வளவு உழைப்பை மறைவான இடத்தில் போட்ட அந்தப் பெயர் தெரியாத பொற்கொல்லரை நினைக்கும்போது மரியாதை கூடுகிறது.

பக்கவாட்டில் ஒரு வெள்ளிச் சங்கிலி தொங்குகிறது. அது ப்ரூச்சோடு சேரும் இடத்தில் கண்ணாடியில் வார்த்த இரண்டு மிகச் சிறிய மனித முகங்கள். டாரா ப்ரூச்சில் வளையத்தின் இடைவெளியை மூடிவிட்டார்கள். அழகு வேலைக்கு இடம் கிடைத்தது, ஆனால் நாங்கள் காபி கடையில் செய்து பார்த்த அந்தத் திருப்பும் பூட்டு போய்விட்டது. அதனால் இதைத் துணியோடு நிறுத்திப் பிடிக்கச் சங்கிலி உதவியிருக்கும் என்கிறார்கள். சங்கிலி கண்ணி கண்ணியாகக் கோத்ததல்ல, மெல்லிய கம்பியைப் பின்னிச் செய்தது. இந்த மாதிரி கம்பிப் பின்னலை ஐரோப்பியத் தொல்லியல் நூல்களில் 'ட்ரிச்சினாபோலி' வேலை என்று எழுதுவதுண்டு. ஆமாம், நம் திருச்சிராப்பள்ளிதான். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிப் பொற்கொல்லர்கள் பின்னிய சங்கிலிகள் பிரிட்டனில் அவ்வளவு பிரபலம். மண்ணுக்குள்ளிருந்து அதே மாதிரி பின்னல் கிடைத்தபோது தெரிந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பழங்கால அயர்லாந்துக்கும் திருச்சிக்கும் இதனால் தொடர்பு எதுவும் வந்துவிடாது. ஆனாலும் அந்த அறையில் நின்று சங்கிலியைப் பார்த்தபோது திருச்சி பெரிய கடைவீதியின் நகைப்பட்டறைகள் நினைவுக்கு வந்ததைத் தடுக்க முடியவில்லை.

அதே அறையில் ஆர்டா கிண்ணமும் இருக்கிறது. 1868இல் லிமெரிக் கவுண்டியில் உருளைக்கிழங்கு தோண்டிய இரண்டு பையன்களுக்குக் கிடைத்த புதையல். கிண்ணத்தின் புகழில் அதோடு கிடைத்த நான்கு ப்ரூச்சுகளைப் பலரும் கவனிப்பதில்லை. அவற்றில் ஒன்று முட்செடிப் பூவைப் போல உருண்டை முனைகள் கொண்டது, மற்றவற்றைவிடக் காலத்தால் பிந்தியது. கிண்ணம் எப்போது செய்ததாக இருந்தாலும், மொத்தப் புதையலை அந்த ப்ரூச்சின் காலத்துக்கு முன் புதைத்திருக்க முடியாது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் வரவால் வெள்ளி பெருகிய 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இப்படிப்பட்ட கனமான வெள்ளி ப்ரூச்சுகள் நிறைய வந்தன. நுணுக்கம் குறைந்தது, எடை ஏறியது. எனக்கு முந்தைய காலத்து வேலைதான் பிடிக்கிறது.

பெயர் எழுதிய ப்ரூச்சுகளும் உண்டு. 1806இல் கில்கென்னி பக்கம் கிடைத்த பாலிஸ்பெல்லன் ப்ரூச் இந்த அருங்காட்சியகத்தின் சொத்து. அதன் பின்பக்கம், அயர்லாந்தின் பழைய கோட்டெழுத்தான ஓகத்தில், நான்கு பெயர்கள் கீறியிருக்கின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் ஹன்டர்ஸ்டன் ப்ரூச் டாராவுக்குச் சகோதரி மாதிரி. அதன் பின்னால், செய்து சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து, 'இந்த ப்ரூச் மெல்ப்ரிக்டாவுடையது' என்று வைக்கிங்குகளின் ரூனிக் எழுத்தில் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். அத்தனை தலைமுறை தாண்டியும் அது கண்காட்சிப் பொருளாகிவிடவில்லை. ஒருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் பொருளாகவே இருந்திருக்கிறது.

மாடியில் வைக்கிங் காலத்துப் பகுதி. கூட்டம் குறைவு. இங்கே இருப்பவை வெண்கல ஊசிகள், தலையில் ஒரு துளை, துளைக்குள் ஆடும் சின்ன வளையம். பதக்கமில்லை, தங்கமில்லை. சாதாரண மக்கள் போர்வையில் குத்திக்கொண்டவை. டப்ளினில் ஹை ஸ்ட்ரீட், ஃபிஷாம்பிள் ஸ்ட்ரீட், வுட் கீ என்று தோண்டிய இடங்களில் இவை நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வுட் கீயில் மாநகராட்சி அலுவலகம் கட்டக் கூடாதென்று 1978இல் சுமார் இருபதாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். முன்னின்றவர் எஃப். எக்ஸ். மார்ட்டின் என்ற பாதிரியார், வரலாற்றுப் பேராசிரியர். இருந்தும் கட்டடம் எழுந்துவிட்டது. அந்த இடத்தைத் தாண்டிப் போனபோது மனம் கனத்தது.

வந்த வைக்கிங்குகள் அயர்லாந்தின் இந்த வளைய ஊசியைத் தாங்களும் அணிய ஆரம்பித்தார்கள். எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் தெரியுமா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில், கொலம்பஸுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் முன்பே நார்ஸ் மக்கள் (வைக்கிங்குகளின் இனத்தவர்) தங்கியிருந்த குடியிருப்பை 1960களில் ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் மனைவி ஆன் ஸ்டீன் இங்ஸ்டாடும் அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த பொருள்களில் ஒன்று இதே மாதிரி ஒரு வெண்கல வளைய ஊசி. அங்கே வாழ்ந்தவர்கள் நார்ஸ் மக்கள்தான் என்று காட்டிய சான்றுகளில் அதுவும் ஒன்று. யாரோ ஒருவருடைய போர்வையில் இருந்த ஊசி! டாரா ப்ரூச்சைப் பார்த்துவிட்டு மாடிக்கு வராமல் திரும்புகிறவர்களை நிறுத்தி இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் லேடவுன் போனோம். டப்ளினிலிருந்து வடக்கே டிராஹெடா போகும் பாதையில், கடலை ஒட்டிய ஸ்டேஷன். இறங்கிக் கடற்கரையிலேயே வடக்கே நடந்தால் பெட்டிஸ்டவுன். கடல் வற்றியிருந்ததால் ஈர மணல் வெகுதூரம் விரிந்து கிடந்தது. டாரா ப்ரூச் 1850இல் கிடைத்தது இங்கேதான் என்பது பதிவான கதை. ஓர் ஏழைப் பெண்ணின் பிள்ளைகள் மணலில் ஒரு பெட்டிக்குள் கண்டெடுத்தார்களாம். நிலத்துக்காரர் உரிமை கேட்கக் கூடாதென்று, உள்ளே வேறெங்கோ கிடைத்ததைக் கடற்கரை என்று சொன்னார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. சொற்பக் காசுக்குக் கைமாறி, கடைசியில் டப்ளின் நகைக்கடைக்காரர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸிடம் வந்து சேர்ந்தது. பழைய அயர்லாந்து அரசர்களின் டாரா குன்றின் பெயரை வைத்தவர் அவர்தான். அந்தக் குன்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அரசர்களின் பெயர் இருந்தால் விற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாதிரிகள் செய்து விற்றார், 1851 லண்டன் பெரும் கண்காட்சியில் வைத்தார். 1860களின் இறுதியில், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு ராயல் ஐரிஷ் அகாடமிக்குக் கொடுத்தார். வியாபாரத்துக்காகச் செய்ததே ஆனாலும், அவர் கையில் அது சிக்கியது அயர்லாந்தின் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அது உருகிப்போய் ஸ்பூனாகியிருக்கலாம்.

பெட்டிஸ்டவுனிலிருந்து டிராஹெடா, அங்கிருந்து டாக்ஸியில் மொனாஸ்டர்பாய்ஸ். இடிந்த மடம், வட்டக் கோபுரம், கல்லறைகளுக்கு நடுவே கற்சிலுவைகள். அவற்றில் முய்ரெடாக் சிலுவை ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் ஆண்டு மழையில் நனைந்தும் உருவங்கள் தெளிவாக இருக்கின்றன. மேற்குப் பக்கத்தில் அடிப்பகுதிக் கட்டத்தில் நடுவில் இயேசு, இரு பக்கமும் வாளேந்திய மீசைக்கார வீரர்கள். இயேசுவின் நீண்ட போர்வையில், தோள்பக்கம், ஒரு ப்ரூச்! செதுக்கியவருக்கு மதிப்புள்ள மனிதர் என்றால் ப்ரூச் இருந்தாக வேண்டும். இயேசுவுக்கும் அதையே கொடுத்துவிட்டார். அருங்காட்சியகத்தில் தனியாகப் படுத்துக் கிடக்கும் பொருளை இங்கே உடம்பின் மேல், துணி மடிப்புகளோடு பார்க்க முடிகிறது.

பழைய அயர்லாந்துச் சட்ட உரைகள் ப்ரூச்சை எங்கே குத்த வேண்டும் என்றுகூடச் சொல்கின்றன. ஆண்கள் தோளில், பெண்கள் மார்பில். ஊசி முனை அளவுக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. ஒழுங்காக அணிந்திருந்தால், நெருக்கத்தில் யார் மேலாவது ஊசி கீறினாலும் அணிந்தவர் மேல் குற்றமில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ தப்பா குத்தியிருந்தா நஷ்டஈடு கொடுக்கணுமா?"

"ஆமாக்கா."

"அப்படின்னா அந்தக் காலத்துல நிறைய பேரை இது கீறியிருக்கு. சும்மாவா சட்டம் போடுவாங்க?" ஆஸ்பத்திரியில் காயங்களையே பார்த்துப் பழகியவள் அப்படித்தான் யோசிப்பாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

போகிறவர்களுக்கு: மேற்குப் பக்கத்துக்கு வெயில் மதியத்துக்கு மேல்தான் வரும், ப்ரூச் தெளிவாகத் தெரிய அந்த நேரமே நல்லது. டாக்ஸிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். அருங்காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கல்லில் அந்தச் சின்ன வட்டம் கண்ணில் படும்.