சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பிய ஜெலுத்தோங் வீடு

பினாங்கு ஜெலுத்தோங்கில் தாத்தா வாங்கிப் போட்ட வரிசை வீடு இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டியது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம். வீடு என் பொறுப்புக்கு வந்ததும் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி அதை மாற்றிவிடலாம் என்று சூரியத் தகடு, இன்வெர்ட்டர் ஏர்கோண், மழைநீர்த் தொட்டி என ஒரு நீளப் பட்டியல் போட்டேன். அதில் பாதியை இன்னும் வாங்கவில்லை. இதுவரை நடந்த வேலையெல்லாம் நடுவில் யார் யாரோ ஒட்டிவைத்துவிட்டுப் போனதைப் பெயர்த்து எடுப்பதுதான்.

முதலில் கூடத்துச் சுவர். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, சாயம் பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பார்க்க வந்த குத்தகையாளர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: பூச்சை உடைத்துவிட்டு நீர்புகாத சிமெண்ட் பூசி, மேலே நல்ல சாயம் அடிப்பது. “அண்ணே, பழைய வீட்டுக்கு இதெல்லாம் வர்றதுதான். வாட்டர்புரூஃப் அடிச்சா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லலா” என்றார் ஒருவர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தச் சுவரில் ஏற்கெனவே இருந்ததும் சிமெண்ட்தானே!

அந்தக் காலத்துச் செங்கல் கையால் அறுத்து, குறைந்த சூட்டில் சுட்டது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும். எங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பும் கிடையாது. அதனால் மண்ணில் உள்ள ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் ஏறிய ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறப் பார்க்கும். அதோடு கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே அரித்துப் பொடியாக்கும். எங்கள் சுவரில் சில இடங்களில் விரலால் தேய்த்தாலே செங்கல் மாவாக உதிர்ந்தது.

2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பழைய கடைவீடுகளைப் பழையபடியே புதுப்பிக்கிறவர்கள் சுண்ணாம்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் இந்த வேலை தெரிந்தவர்கள் பினாங்கில் இன்னும் கிடைக்கிறார்கள். அப்படி ஒரு சீன அங்கிளைப் பிடித்து, முதல் சுவரை அவர் பூச, பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். மற்றதை நானும் தம்பியும் பூசினோம்.

சிமெண்டை உடைக்க இயந்திரம் வேண்டாம் என்று அங்கிள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிர்வில் செங்கல்லும் சேர்ந்து உடையுமாம். சுத்தியல், உளி, நிறைய பொறுமை. உடைத்த பிறகு சுவரை அப்படியே காயவிட்டோம். வெளியே பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டிப் பெருக்கி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் வெறும் செங்கல் தெரிய வீடு கிடந்தது. வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் “காசு முடிஞ்சு போச்சா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது கலவை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணலில் உப்பு இருக்கும், அதைத் தொடவே கூடாது. சுண்ணாம்பை நாங்கள் வீட்டில் நீற்றவில்லை. சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். நீற்றிய சுண்ணாம்பையே விழுதாக வாங்கினோம். அதைக் கையாளவும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஊர்ப்பக்கத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது வழக்கம். அதையும் பார்த்துவிடலாம் என்று லிட்டில் இந்தியா பக்கம் போய்க் கடுக்காய் வாங்கி வந்தேன். பின்கட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம்: ஒன்று வெறும் சுண்ணாம்பு, மற்றது கடுக்காய் வெல்லக் கலவை. இரண்டாவது கரண்டியில் வழுக்கிக்கொண்டு போனது, வெடிப்பும் குறைவு. எறும்பும் வந்தது. ஆனால் காய்ந்த பிறகு அவை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இருந்தாலும் கூடத்துக்கு அங்கிளின் கலவையையே வைத்துக்கொண்டோம், அவர் கைக்குப் பழக்கம் அதுதான்.

பூசுவதற்கு முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். ஒவ்வொரு படலமும் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும், ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்தது. சிமெண்ட் மாதிரி மறுநாளே கல்லாகிவிடாது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. அது வரை வேகமாகக் காய்ந்துவிடக் கூடாது. நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காற்றாடியை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தோம்.

சுண்ணாம்பு என்றால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதலே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதுவும் சூளையில் சுட்டதுதான், சுடும்போது கரியமில வாயு வெளியேறத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் சூடு போதும், சிமெண்டுக்கு 1450 வேண்டும். சுண்ணாம்பு இறுகும்போது, அப்படி வெளியேறியதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. உலகத்தின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. சுவர் பூச்சு அதில் தூசு அளவுதான், தெரியும். இருந்தும் சில ஆண்டுக்கு ஒரு முறை உடைத்துக் கொட்டும் பூச்சைவிட நிலைத்து நிற்கும் பூச்சு மேல் என்பது என் கணக்கு.

மேலே வெள்ளையடிப்பு. பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிசாகப் பல முறை அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை எழும்பி வரும். முதல் நாள் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “தண்ணியத்தான் காசு கொடுத்து வாங்கினோமா?” என்று கேட்டான். லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் அடர் நீலம் சுண்ணாம்பில் அவுரிச் செடியின் நீலச் சாயம் கலந்து வந்ததுதான். அம்மாவுக்கும் நீலத்தில் ஆசை. கடைசியில் சொட்டு நீலம் மட்டும் போட்டுப் பளிச்சென்ற வெள்ளையில் முடித்துக்கொண்டோம்.

முற்றத்து மேலே யாரோ அடித்திருந்த தகரத்தைக் கழற்றியது தனி வேலை, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. இப்போது அங்கே சுவரிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கூரை போட்டிருக்கிறோம். சூடான காற்று அந்த இடைவெளியில் மேலே ஏறிப் போய்விடுகிறது, சாரல் மட்டும் கொஞ்சம் அடிக்கிறது. மதியத்தில் கூடத்தில் ஏர்கோண் இல்லாமல் உட்கார முடிகிறது. அதனால் ஏர்கோண் பட்டியலிலிருந்து போய்விட்டது. சூரியத் தகடு ஓடுகளைச் சரிபார்த்த பிறகுதான்.

கூடத்தில் புளித்த வாடை இல்லை. படிக்கட்டு மூலையில் மட்டும் மறுபடி உப்பு பூக்கிறது. அங்கிள் அதற்கு அசரவில்லை. அந்த இடத்துப் பூச்சு உப்பை இழுத்துக்கொண்டு தானே கெடட்டும், பிறகு சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம் என்கிறார்.

சமையலறைச் சுவர் இன்னும் பாக்கி. அங்கே சுவரைத் தொடுவதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். பழைய சுடுமண் ஓட்டுக்கு மேலே சிமெண்ட் போட்டு, அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். தரை வழியே வெளியேற முடியாத ஈரமும் சுவருக்குத்தான் போகிறது. ஒரு மூலையில் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தோம், கீழே ஓடுகள் முழுசாகத்தான் இருக்கின்றன. முழுவதும் பெயர்க்க அம்மாவிடம் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அடுப்பை எங்கே வைப்பது என்பதற்கு முதலில் பதில் சொல்லச் சொல்கிறார்.